பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: வணிக விசாவும் நம் பிள்ளைகளும்



2025 செப்டம்பர் 4 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சவானா நகருக்கு அருகே கட்டப்பட்டுவந்த மின்கலத் தொழிற்சாலை ஒன்றினுள் குடிவரவு அதிகாரிகள் பெரும்படையாக நுழைந்தனர். தென் கொரியாவின் ஹூண்டாய், எல்ஜி நிறுவனங்கள் கூட்டாக அமைக்கும் ஆலை அது. அன்று ஒரே நாளில் 475 பேர் பிடித்துவைக்கப்பட்டனர். அவர்களில் 300க்கும் மேற்பட்டோர் கொரியர்கள். கைகளிலும் கால்களிலும் சங்கிலி பூட்டப்பட்டு அவர்கள் வரிசையாக நடத்திச் செல்லப்பட்ட காட்சி உலகெங்கும் பரவியது. ஒரு வாரத் தடுப்புக் காவலுக்குப் பின், செப்டம்பர் 11 அன்று அட்லாண்டாவிலிருந்து தனி விமானம் ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டு தாய்நாட்டுக்குப் புறப்பட்டது.

பிடிபட்டவர்களில் எல்லை தாண்டி வந்தவர்களும், அனுமதிக்கப்பட்ட காலம் கடந்து தங்கியவர்களும் இருந்ததாக அதிகாரிகள் கூறினர். ஆயினும் கொரியர்களில் பலர் கடவுச்சீட்டோடும் முறையான அனுமதியோடும் விமானத்தில் வந்து இறங்கியவர்கள். சிலரிடம் வணிக வருகையாளருக்கான பி-1 விசா இருந்தது. வேறு சிலர் ஈஸ்டா எனப்படும் விசா விலக்குத் திட்டத்தில் வந்திருந்தனர். அவர்கள் வந்த வழியில் எவரும் குறை காணவில்லை. வந்த இடத்தில் செய்த பணி அந்த அனுமதிக்கு உட்பட்டதா என்பதே கேள்வியாயிற்று.

இச்செய்தியைக் கொரியர்களின் கதை என்று நம்மில் பலர் படித்துவிட்டுக் கடந்திருப்போம். அவ்வாறு கடந்துபோக நமக்கு உரிமை இல்லை. சென்னையிலும் கோவையிலும் மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றும் நம் தம்பி தங்கையரும், இலண்டனிலும் பாரிசிலும் ஆசுலோவிலும் பிறந்து வளர்ந்து அந்நாட்டுக் கடவுச்சீட்டோடு வேலைக்குச் சேர்ந்துள்ள நம் பிள்ளைகளும் ஆண்டுதோறும் இதே கேள்வியின் முன் நிற்கின்றனர். "இரண்டு வாரம் அமெரிக்கா போய் வா" என்று மேலாளர் சொல்கிறார். பிள்ளை மகிழ்கிறான். பெற்றோர் ஊரெல்லாம் சொல்கின்றனர். எந்த விசாவில், எந்த வேலைக்கு என்று எவரும் கேட்பதில்லை.

பயணத்தைத் தீர்மானிப்பது நிறுவனம். அழைப்புக் கடிதத்தை எழுதுவதும் நிறுவனம். அதனால் மிச்சமாகும் பணமும் நிறுவனத்திற்கே. தவறு நேர்ந்தால் அது பதிவாவது மட்டும் பயணியின் பெயரில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். இதை நம் பெற்றோரும் இளையோரும் தெளிவாக உணர வேண்டும் என்பதற்காகவே இவ்வாசிரியவுரை.

வணிகம் எது, வேலை எது?

அமெரிக்கச் சட்டத்தில் பி-1 என்பது வணிகத்திற்காகத் தற்காலிகமாக வருவோருக்கு உரியது. வணிகம் என்பதும் வேலை என்பதும் அங்கே வெவ்வேறு. இந்த வேறுபாட்டை விளக்கிய புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. ஹாங்காங்கில் இயங்கிய தையல் நிறுவனம் ஒன்றின் பணியாளர் ஹிரா என்பவர் அமெரிக்கா வந்து, வாடிக்கையாளர்களின் உடல் அளவை எடுத்து, ஆடைக்கான ஆணைகளைப் பெற்று ஹாங்காங்கிற்கு அனுப்பினார். துணி வெட்டப்பட்டதும் தைக்கப்பட்டதும் ஹாங்காங்கில். நிறுவனம் இலாபம் ஈட்டியதும் அங்கேதான். அவர் செய்தது வேலையா, வணிகமா என்ற கேள்விக்கு, அது வணிகமே என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 1965இல் தீர்ப்பளித்தது. 1966இல் அரசின் தலைமை வழக்கறிஞர் அதனை உறுதிசெய்தார். அறுபது ஆண்டுகள் கடந்தும் பி-1 பற்றிய விவாதங்கள் அந்தத் தையற்காரரிடமிருந்தே தொடங்குகின்றன.

அளவெடுக்க வரலாம், ஆனால் இங்கேயே உட்கார்ந்து தைக்கக்கூடாது. இவ்வளவுதான் அதன் சாரம். பயணியின் முதன்மையான பணி வெளிநாட்டில் நடைபெற வேண்டும். அமெரிக்காவில் அவர் செய்வது அதற்குத் துணையான செயலாக இருக்க வேண்டும். ஊதியம் அமெரிக்காவிலிருந்து வரக்கூடாது. பயணம், தங்குமிடம், உணவு போன்ற செலவுகளுக்கு ஈடு பெறலாம். வாடிக்கையாளருடன் கலந்தாலோசிக்கலாம், ஒப்பந்தம் பேசலாம், கையெழுத்திடலாம், மாநாட்டில் கலந்துகொள்ளலாம். வெளிநாட்டில் வாங்கிய இயந்திரத்தை நிறுவித் தரவோ பழுதுபார்க்கவோ விற்ற நிறுவனத்தின் வல்லுநர் வரலாம். ஆனால் அந்தக் கடமை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டடப் பணியில் அவர் நேரடியாகக் கைவைக்கக்கூடாது. மேற்பார்வையிடலாம், பயிற்சி தரலாம்.

இதனை நம் துறைக்குப் பொருத்திப் பாருங்கள். வாடிக்கையாளரின் தேவைகளைக் கேட்டறிந்து குறிப்பெடுத்துச் சென்னைக்குத் திரும்பி, அங்கே நிரல் எழுதுவது அளவெடுப்பதைப் போன்றது. வாடிக்கையாளரின் அலுவலகத்தில் ஓர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, அவர்களுடைய அணியில் ஒருவராக எட்டு வாரம் நிரல் எழுதுவதும் சோதனை செய்வதும் தைப்பதைப் போன்றது.

நம்மவரிடையே மூன்று தவறான எண்ணங்கள் வேரூன்றியுள்ளன.

முதலாவது, குறுகிய காலமென்றால் குற்றமில்லை என்பது. அமெரிக்க விதி செயலைப் பார்க்கிறது, நாளை எண்ணுவதில்லை. ஒரே ஒரு நாள் ஓர் உள்ளூர்ப் பணியாளரின் இடத்தில் அமர்ந்தாலும் அது வேலைதான்.

இரண்டாவது, சம்பளம் இந்தியாவில் வரவு வைக்கப்படுவதால் இது வேலை ஆகாது என்பது. வெளிநாட்டுச் சம்பளம் என்பது நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளுள் ஒன்றே. அது மட்டுமே போதாது.

மூன்றாவது, பத்தாண்டு விசா கையில் இருக்கிறது என்ற துணிவு. விசா என்பது கதவைத் தட்டுவதற்கான உரிமை மட்டுமே. கதவைத் திறப்பதா, எத்தனை நாளுக்குத் திறப்பது என்பதை விமான நிலையத்தில் உள்ள அதிகாரியே முடிவு செய்கிறார். அவர் பதியும் ஐ-94 என்னும் வருகைப் பதிவே தங்கும் காலத்தை நிர்ணயிக்கிறது.

என் கடவுச்சீட்டில் ஒரு கோடு

இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதி உண்டு. அது பெருமைப்படத்தக்க தகுதி அன்று.

2008ஆம் ஆண்டு. பொறியியல் முடித்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்னையில் நான் பணியாற்றிய நிறுவனம் என்னை ஆறு வாரப் பயணமாக அமெரிக்காவிற்கு அனுப்பியது. கையில் பி-1 விசா. "திட்டம் தொடர்பான கலந்துரையாடல்களுக்காக" என்று ஒரு கடிதம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வெளிநாடு செல்பவன் நான். விருதுநகர்ப் பக்கத்துச் சிற்றூரில் என் தந்தையார் தெருவெங்கும் இனிப்பு வழங்கினார்.

விமான நிலையத்தில் அதிகாரி கடிதத்தைப் படித்தார். ஆறு வாரமும் கலந்துரையாடல்தானா என்று கேட்டார். நான் தயங்கினேன். தனி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே வேறோர் அதிகாரி மிக அமைதியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ வராவிட்டால் இந்த ஆறு வாரமும் அந்த வேலையை யார் செய்வார்கள்?"

எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். வாடிக்கையாளரின் அலுவலகத்தில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். அவர் திரும்பும் வரை மென்பொருள் சோதனையை நான் கவனிக்க வேண்டும் என்றேன். அந்த விடையிலேயே வழக்கு முடிந்துவிட்டது. நுழைவதற்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகக் கையொப்பமிட்டால் தடை எதுவும் இன்றித் திரும்பிப் போகலாம் என்றார். கையொப்பமிட்டேன். விசாவின் மீது கோடிட்டு இரத்து செய்தனர். இரவு முழுவதும் நாற்காலியில் கழித்து, மறுநாள் விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டேன்.

சென்னை அலுவலகத்தில் மேலாளர் கேட்டார்: "கூட்டத்துக்கு வந்தேன்னு சொல்லியிருக்கலாமே, ஏன் அதையெல்லாம் சொன்னே?" ஊருக்குப் போனபோது என் தந்தையார் கேட்டது வேறு. வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ தப்பு ஒண்ணும் பண்ணலையேப்பா?" என்றார். இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, ஆம் என்று சொல்லவும் முடியவில்லை.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நிறுவனத்தின் வழியாக முறையான பணி விசாவிற்கு விண்ணப்பித்தேன். டி.எஸ்-160 எனப்படும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: உங்களுக்கு எப்போதேனும் அமெரிக்க விசா மறுக்கப்பட்டதா, நுழைவு மறுக்கப்பட்டதா, அல்லது நுழைவதற்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதுண்டா? "ஆம்" என்று குறித்து, நடந்ததை எழுதினேன். தூதரக அதிகாரி நெடுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு, அன்று உண்மையைச் சொன்னதாகவே இங்கே பதிவாகியிருக்கிறது என்று கூறி விசா வழங்கினார். அதன்பின் ஒவ்வொரு முறை அப்படிவத்தை நிரப்பும்போதும் அந்தக் கேள்விக்கு நான் "ஆம்" என்றே குறித்து வந்திருக்கிறேன். என்னை அனுப்பிய நிறுவனத்தின் குற்றத்தைக் குறிக்க அப்படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.

மேலாளர் சொன்னபடி நான் பொய் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே அச்சம் பிடித்தது.

யாருக்கு என்ன தண்டனை?

தவறான விசாவில் வேலைக்கு வந்ததாக அதிகாரி கருதினால் முதல் வாய்ப்பு, எனக்குக் கிடைத்ததைப் போல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது. அது பயணியின் உரிமை அன்று. அதிகாரி மனம் வைத்தால் கிடைக்கும் சலுகை. அவர் மனம் வைக்காவிட்டால், நீதிபதியின் முன் நிறுத்தாமலேயே விரைவு வெளியேற்ற ஆணை பிறப்பிக்கலாம். அதன் விளைவு ஐந்தாண்டுத் தடை. எல்லாவற்றினும் கொடியது, முக்கியமான செய்தியில் வேண்டுமென்றே பொய் சொன்னதாகப் பதிவாவது. அது வாழ்நாள் முழுமைக்கும் தொடரும் தகுதியின்மை. விலக்கு கோரலாம் என்றாலும், அது எளிதில் கிடைப்பதன்று. நாளை அதே இளைஞர் மேற்படிப்புக்கோ, திருமணமாகி இங்கே குடியேறவோ விரும்பும்போது, இருபத்தைந்து வயதில் சொன்ன ஒரு வரி குறுக்கே வந்து நிற்கும்.

ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம் இளையோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். ஈஸ்டா வழியாக 90 நாள்வரை தங்க வருவோர், அதிகாரியின் முடிவை எதிர்த்து முறையிடும் உரிமையையும், வெளியேற்றத்தை எதிர்த்து வழக்காடும் உரிமையையும் முன்கூட்டியே விட்டுக்கொடுத்தே வருகின்றனர். அடைக்கலம் கோருவது மட்டுமே இதற்கு விலக்கு. நல்ல கடவுச்சீட்டு என்பதால் பாதுகாப்பு மிகுதி என்று எண்ணிவிடக்கூடாது. இந்த ஓரிடத்தில் அது குறைவு.

இனி நிறுவனங்களின் பக்கம் வருவோம். 2013 அக்டோபர் 30 அன்று இன்போசிஸ் நிறுவனம் அமெரிக்க அரசுடன் 3 கோடியே 40 இலட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. பணி விசா தேவைப்படும் வேலைகளுக்குப் பி-1 விசாவில் ஆட்களை அனுப்பியது, அழைப்புக் கடிதங்களில் உண்மையான நோக்கத்தை மறைத்தது, அதிகாரிகளிடம் எந்தெந்தச் சொற்களைச் சொல்லக்கூடாது என்று பயணிகளுக்கு அறிவுறுத்தியது என்பன அரசு முன்வைத்த குற்றச்சாட்டுகள். விசா மோசடிக் குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது. பணியாளர் தகுதிச் சான்றுப் படிவங்களைப் பராமரிப்பதில் குறைகள் இருந்ததை மட்டும் ஒப்புக்கொண்டது. குடிவரவு வழக்கொன்றில் அதுவரை செலுத்தப்பட்ட தொகைகளில் அதுவே மிகப் பெரியது.

பெரிய தொகைதான். ஆயினும் ஒரு பெருநிறுவனம் தொகையைச் செலுத்திவிட்டுத் தன் வழியில் தொடர முடியும். ஒரு தனிமனிதனின் கடவுச்சீட்டில் விழுந்த கோட்டிற்கு அவ்வாறு உடன்பாடு எழுத முடியாது.

நிறுவனங்கள் ஏன் துணிகின்றன?

காரணத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எச்-1பி பணி விசாவிற்கு ஆண்டு வரம்பு 65,000. அமெரிக்க முதுநிலைப் பட்டம் பெற்றோருக்கு மேலும் 20,000. விண்ணப்பங்கள் இவ்வெண்ணிக்கையை மிஞ்சுவதால் தெரிவுமுறை நடத்த வேண்டியுள்ளது. வசந்த காலத்தில் பதிவு செய்து தேர்வானாலும் பணியைத் தொடங்குவது அக்டோபர் 1 அன்றுதான். நிறுவனத்திற்குள் இடமாறும் எல்-1 விசாவிற்கு, அதே குழுமத்தின் வெளிநாட்டுக் கிளையில் குறைந்தது ஓராண்டு பணியாற்றியிருக்க வேண்டும். அடுத்த வாரம் ஆள் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் இவற்றால் பயனில்லை. இதற்கிடையே, 2025 செப்டம்பர் 19 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் அறிவிப்பு, நாட்டிற்கு வெளியே உள்ளோருக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு இலட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று ஓராண்டுக்கு விதித்தது. எச்-1பி ஒப்புதல் பெற்றவர்கள் வருகையாளர் விசாவைத் தவறாகப் பயன்படுத்தாதபடி தடுக்க வேண்டும் என்பதையும் அவ்வறிவிப்பு சேர்த்தே கூறியது. முன்கதவின் விலை ஏறும்போது பக்கக் கதவில் நெரிசல் கூடும் என்பதை அறிந்தே அவ்வாறு எழுதினர் போலும்.

ஆனால் விதி கடினமானது என்பதற்காக அது அநீதியானது என்று முடிவுகட்டுவது சரியன்று. எச்-1பி விசாவில் வருபவருக்கு, அந்தப் பகுதியில் அந்த வேலைக்கு நிலவும் ஊதியத்திற்குக் குறையாமல் தர வேண்டும் என்பது சட்டம். பி-1இல் வந்து அதே மேசையில் அதே வேலையைச் செய்பவருக்குக் கிடைப்பது சென்னைச் சம்பளமும் நாட்படியும்தான். விசா மாறும்போது சுரண்டலுக்கான வாசலும் திறக்கிறது. அதனால் முதலில் இழப்பது அந்த இளைஞர். அடுத்து இழப்பது இங்கே வேலை தேடி நிற்கும் பட்டதாரி. அந்தப் பட்டதாரிகளில் இந்நாட்டில் பிறந்து கணிப்பொறியியல் படித்த நம் பிள்ளைகளும் இருக்கின்றனர் என்பதை மறந்துவிட வேண்டாம். இந்த விதி நம் இரு தலைமுறைகளுக்கும் இடையே நிற்கிறது. இருவரையும் காப்பதும் அதுவே.

நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம்

நிறுவனங்களை மட்டும் சாடிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அழைப்புக் கடிதம் எழுதுவோரில் நம் தமிழ் அமைப்புகளும் உண்டு.

ஆண்டுவிழாவிற்கும் பொங்கல் விழாவிற்கும் பறை இசைக் கலைஞரையும் நாகசுரக் கலைஞரையும் பட்டிமன்றப் பேச்சாளரையும் அழைக்கிறோம். நல்ல செயல். ஆனால் தொழில்முறைக் கலைஞர் ஒருவர் வருகையாளர் விசாவில் வந்து மேடையேற முடியாது. பணமே வாங்காவிட்டாலும் முடியாது. ஊதியம் பெறாத நிகழ்ச்சிகளுக்கான விதிவிலக்கு, வழக்கமாகவே ஊதியமின்றிக் கலைப்பணி செய்பவர்களுக்கு மட்டுமே உரியது. மரபுக் கலைகளுக்கென்று, பண்பாட்டுத் தனித்தன்மையை அடிப்படையாகக் கொண்ட தனி விசா வகை ஒன்று இருக்கிறது. அதற்கு அமைப்பு முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும். கட்டணமும் காலமும் ஆகும். அச்செலவை மிச்சப்படுத்த "நண்பர் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள்" என்று ஒரு கிராமியக் கலைஞருக்குச் சொல்லிக்கொடுப்போமானால், என் மேலாளருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? விமான நிலையத்தில் தனித்து நிற்கப்போவது ஆங்கிலம் அறியாத அந்தக் கலைஞர்தான். கூட்டம் நடத்திய செயற்குழு அன்று.

அவ்வாறே, தொழில் தொடர்பாக இங்கே வந்த உறவினரை "சும்மா இருக்கிற நேரம்தானே" என்று நம் மளிகைக் கடையின் கல்லாவில் உட்கார வைப்பதும் வேலைதான். உறவுமுறை அதை வேறாக்கிவிடாது.

பிற நாடுகளில்

ஒவ்வொரு நாடும் தன் கோட்டைத் தன் விருப்பப்படி வரைந்துள்ளது. ஐரோப்பாவின் செங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் என்பது தங்குவதற்கான அளவு மட்டுமே. அந்நாள்களில் எது வேலை என்பதை அந்தந்த நாட்டின் சட்டமே சொல்லும். ஐக்கிய இராச்சியத்திற்கு வருகையாளராக வருபவர் தம் சொந்த நாட்டு நிறுவனத்தின் பணியைத் தொலைவிலிருந்து செய்யலாம் என 2024 சனவரி 31 முதல் விதி தெளிவாக்கியது. ஆனால் பயணத்தின் முதன்மை நோக்கம் அதுவாக இருக்கலாகாது.

இவற்றுள் நம் கவனத்திற்கு உரியது கனடா. உயர்திறன் பணியாளர் ஒருவர் ஆறு மாதத்திற்கு ஒருமுறை 15 நாளோ, ஓராண்டுக்கு ஒருமுறை 30 நாளோ, பணி அனுமதி இன்றியே வேலை செய்ய 2017 சூனில் அந்நாடு வழிசெய்தது. அதாவது, குறுகிய காலத்திற்கு உண்மையாகவே வேலை செய்ய வருபவர் அதனை உண்மையாகவே சொல்லிவிட்டு வரலாம். அரசு நேர்மையான சிறுகதவு ஒன்றைத் திறந்துவைத்தால் பொய்க்கடிதங்களுக்குத் தேவை குறையும்.

செய்ய வேண்டியவை

ஜார்ஜியா நிகழ்வுக்குப் பின் கொரிய அரசு வாளாவிருக்கவில்லை. 2025 செப்டம்பர் 30 அன்று இருநாட்டு அதிகாரிகளும் வாசிங்டனில் கூடினர். முதலீட்டுத் திட்டங்களுக்காக வெளிநாட்டில் வாங்கிய கருவிகளை நிறுவவும் பராமரிக்கவும் பழுதுபார்க்கவும் பி-1இலும் ஈஸ்டாவிலும் வரலாம் என்பதை அமெரிக்கத் தரப்பு மீண்டும் உறுதிசெய்தது. கொரிய நிறுவனங்களுக்கென்று சியோல் தூதரகத்தில் தனி உதவிப் பிரிவு ஒன்றையும் ஏற்க இசைந்தது. கருவிகள் பற்றிய அவ்விதி ஏற்கெனவே நூலில் இருந்ததுதான். நூலில் இருந்த விதி சங்கிலியைத் தடுக்கவில்லை. தன் குடிமக்களுக்காக ஓர் அரசு வாய்திறந்த பிறகே அது தெளிவான சொல்லாக வெளிவந்தது. ஆயிரக்கணக்கான மென்பொருள் பணியாளர்களை உலகெங்கும் அனுப்பும் இந்தியாவும் தன் இளையோருக்காக இவ்வாறு கேட்க வேண்டும். மென்பொருள் பணிக்கு எது கலந்தாலோசனை, எது வேலை என்பதற்குத் தெளிவான எழுத்து விளக்கமும், கனடாவைப் போன்ற குறுகிய காலப் பணி அனுமதியும் வேண்டும். இவ்விரு கோரிக்கைகளையும் அமெரிக்காவில் வாக்குரிமை பெற்றுள்ள நம்மவர் தத்தம் தொகுதிப் பேராளர்களிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

அதுவரை இளையோருக்குச் சில சொற்கள். பயணத்திற்கு ஒப்புக்கொள்ளும் முன், அங்கே நாள்தோறும் நீங்கள் செய்யப்போவது என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள். அழைப்புக் கடிதத்தை விமானத்தில் அல்ல, வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். அதில் உள்ளதும் மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதும் ஒன்றா என்று பாருங்கள். "நான் போகாவிட்டால் அந்த வேலையை அங்கே யார் செய்வார்கள்?" என்று உங்களையே கேளுங்கள். விடை அங்குள்ள ஒரு பணியாளரின் பெயராக இருந்தால் அது வணிகப் பயணம் அன்று. ஐயம் இருந்தால், நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞருக்கு மின்னஞ்சல் எழுதி விடையை எழுத்தில் பெறுங்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்தின் வழக்கறிஞரே என்பதால், பெரிய ஐயமென்றால் சொந்தச் செலவில் வேறொருவரை நாடுவதும் வீண் செலவன்று. இக்கட்டுரை சட்ட ஆலோசனைக்கு மாற்றாகாது.

எது நேர்ந்தாலும் அதிகாரியிடம் பொய் சொல்லாதீர்கள். உண்மை உங்களை ஒரு விமானத்தில் திருப்பி அனுப்பலாம். பொய் உங்களை நிரந்தரமாக வெளியே நிறுத்திவிடும். இச்சொல்லைச் சொல்லாதே, அச்சொல்லைச் சொல்லாதே என்று எவரேனும் உங்களுக்குப் பாடம் நடத்தினால், அந்தப் பயணத்தை மறுக்க அதுவொன்றே போதுமான காரணம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மறுப்பது எளிதன்று, பதவி உயர்வும், வீட்டுக் கடனும், ஊரார் பேச்சும் அந்தப் பிள்ளையின் தலைமேல் இருக்கின்றன. "இந்தப் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்று பிள்ளை வந்து நின்றால், வாய்ப்பைத் தவறவிட்டாயே என்று கடிந்துகொள்ளாதீர்கள். அன்று என் தந்தையார் வாசலில் கேட்ட கேள்வியை, பிள்ளை பெட்டி கட்டும் முன்பே கேளுங்கள். அப்போது அவனுக்கோ அவளுக்கோ நேரான விடை ஒன்று இருக்கும்.

கொரியர்களை ஏற்றிச்சென்ற விமானம் இறங்கிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு விமானம் தேவைப்படாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. விழிப்போடு இருப்போம், உண்மையோடு பயணிப்போம்.